கம்பிப் பக்கம்

டோகா, கட்டார்
3.2.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

தவராசா எழுதுவது. காய்ச்சல், தடிமன் ஒன்றுமில்லை. அறையில் எட்டுப் பேர், முறை போட்டுச் சமைக்கிறோம். என் முறை வரும் நாளில் ஏழு பேர் வெளியே சாப்பிடுகிறார்கள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுகம் விசாரித்த பகுதியைத் தாண்டிப் போய் கோல் எண்ணிக்கையைத்தான் முதலில் வாசித்தேன். ஐந்துக்குப் பூச்சியம்! அதுவும் உதயதாரகைக் கழகத்திடம்! இங்கே உதயதாரகைக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

அப்பா, இது மனேஜரின் பிழை. ஸைனுலாப்தீன் நானா பதினான்கு வருடமாக நங்கூரம் கழகத்தை நடத்துகிறார், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாக மைதானத்தின் ஒரு பக்கத்தைத் தொடுவதே இல்லை. நான் விளையாடிய கடைசி மாதங்களிலும் இதுதான். பிறந்ததிலிருந்து இடது விங்கராக ஓடிய என்னை முதல் பாதியில் "வலதுக்குப் போ" என்பார். இடைவேளைக்குப் பிறகு "இடதுக்கு வா" என்பார். மனுசனுக்கு எது இடது, எது வலது என்று தெரியாது என்று பொடியள் சிரிப்பார்கள். என் விளையாட்டு அதோடு முடிந்தது. கட்டாருக்கு நான் ஓடியதற்கு அவரும் ஒரு காரணம்.

பாதி மைதானத்தில் விளையாடினால் எதிராளிக்கு என்ன கவலை? அவர்களும் அந்தப் பாதியில் வந்து குந்திக்கொள்கிறார்கள். கூட்டத்தில் இதை நீங்கள் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஓடத்துறை தாண்டி வந்து எங்களைத் தாழ்த்துகிற ஆள் எங்களுக்கு வேண்டாம். அவரை அந்தக் கரையிலேயே நிறுத்தி வையுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகன்,
தவராசா


சிவமயம்

உட்துறைமுக வீதி
திருகோணமலை
26.2.1993

அன்புள்ள மகன் தவராசாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் சொல்லுக் கேட்காது. நான் கேட்கிறேன், அதனால் வீடு ஓடுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் விருப்பம் நிறைவேறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் பொதுக்கூட்டம். நாற்பத்து மூன்று பேர். காரியதரிசி இரத்தினசிங்கம் "அமைதி, அமைதி" என்று மேசையில் தட்டித் தட்டி மேசைக்கால் ஆடத் தொடங்கிவிட்டது. ஒருவன் நடுவரிசை சரியில்லை என்கிறான், மற்றவன் கோல் காப்பவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்கிறான். தேத்தண்ணிக்கடை முனாப் மட்டும் எழும்பி, "பதினாலு வருசம் கோப்பை எடுத்துத் தந்த மனுசனை ஒரு ஐஞ்சு கோலுக்காகத் துரத்துறீங்களோ?" என்று கேட்டான். "ஐஞ்சு கோல் வாங்கினது உன்ரை தேத்தண்ணிக்கடை இல்லை, எங்கட கழகம்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். நானும் கொஞ்சம் வாயைத் திறந்தேன். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் என்ற தகுதியில், கூட்டத்தில் பேசாமல் இருக்க எனக்கு ஏலாது என்பது உனக்குத் தெரியும். கை உயர்த்தினார்கள். முப்பத்தொரு கை. நீக்கியாயிற்று.

ஸைனுலாப்தீன் நானா முன்கதிரையில்தான் இருந்தார். எல்லாவற்றையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். பஸ் டிப்போவில் நேரம் குறித்த கையல்லவா, சும்மா இராது. கடைசியில் எழும்பி, "சனம் விரும்பினபடி செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுத் துறைக்குப் போகிற பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

புது மனேஜர் பாக்கியரத்தினம். கெட்டிக்காரப் பொடியன். பேர்ப்பட்டியலை நான்தான் திங்கட்கிழமை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனேன், துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் வழிதானே. உனக்குத் தெரியும், அந்தப் பட்டியலில் பேர் இருந்தால்தான் சோதனைச்சாவடியில் கழகப் பாஸ் செல்லும். அங்கே எழுதுகிறவர் பழைய தாளை எடுத்து, நானாவின் பேரில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார். எனக்குப் பிளேன்ரீயும் தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மற்றும்படி கப்பல்கள் குறைவு. கயிறு கட்டுகிறவனுக்குக் கப்பல் வராவிட்டால் கயிறும் தானும்தான்.

அன்புடன்,
அப்பா


786

கிண்ணியா
16.3.1993

தம்பி சோமசேகரத்துக்கு,

ஜெமீலா றாத்தா எழுதுவது. புஸ்பராணிக்கும் உங்களுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும். என் சுகத்தை என்ன சொல்ல.

இவரை, உங்கள் நானாவை, ஞாயிற்றுக்கிழமை துறைச் சோதனைச்சாவடியில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்குப் புது மனேஜரின் முதல் ஆட்டம் என்று பார்க்கப் போனார். நோன்போடு போனவர், நோன்பு திறக்க முன்னம் வந்துவிடுவேன் என்றார். கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு இருந்தேன்.

துறையில் நின்ற ஆட்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பழைய பாஸைக் காட்டியிருக்கிறார். பதினான்கு வருடப் பழக்கம், அது இனிச் செல்லாது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாஸில் மனேஜர் என்று இருக்கிறது, அவர்களுடைய தாளில் பேர் வெட்டியிருக்கிறது. பொய்ப் பாஸ் என்று பையைக் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே அந்தக் கொப்பி. அதில் மைதானம் மைதானமாகக் கீறி, அம்புக்குறி போட்டு வைத்திருப்பார். எங்கே தாக்குவதற்குக் கீறினாய் என்று கேட்டு, அங்கிருந்து பெரிய முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அந்தக் கொப்பியைப் பாக்கியரத்தினத்திடம் கொடுக்கத்தான் கொண்டுபோனார். "பொடியனுக்குச் சில விசயம் தெரியாது, தெரியாமல் விளையாட விட்டால் பிழை" என்றார். என்ன விசயம் என்று நான் கேட்கவில்லை.

உங்களில் அவருக்குக் கோபம் இல்லை தம்பி. கூட்டத்தில் உங்கள் மகனின் கடிதத்தை நீங்கள் வாசித்ததையும் வந்து சொன்னார். "தவராசா விளையாட்டைப் பற்றிச் சொன்னதில் ஞாயம் இருக்கு" என்றார். கடைசி வசனத்துக்குச் சனம் கைதட்டியது என்றும் சொன்னார். பிறகு கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார்.

பெருநாளைக்கு இன்னும் எட்டு நாள். மகள் ஸுல்பிகா ஒன்றும் சாப்பிடுகிறாள் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் உங்களுக்குச் சிங்களம் தெரியும். போய்க் கேளுங்கள்.

ஜெமீலா


டோகா
17.3.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் எழுதுவது. நலம். அம்மாவை நடக்கச் சொல்லுங்கள், நடந்தால்தான் முழங்கால் பழகும்.

முப்பத்தொரு கை! அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே. அடக்கமா? உங்களுக்கா?

பாக்கியரத்தினத்திடம் சொல்லுங்கள்: இரண்டு விங்கையும் திறக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தால் பந்து போனாலே எதிராளி கலங்கிவிடுவான், இரண்டு வருடமாக அந்தப் பக்கம் பந்தைக் காணாத மைதானம் அது. முதல் ஆட்டத்தின் முடிவை உடனே எழுதுங்கள்.

பழைய மனேஜர் கோபித்துக்கொண்டாரா? கோபம் ஆறிவிடும். ஆட்டம் பார்க்க வராமல் அவரால் இருக்க முடியாது.

தவராசா


திருகோணமலை
19.3.1993

மதிப்புக்குரிய ஜெமீலா றாத்தாவுக்கு,

சோமசேகரம் எழுதுவது. உங்கள் கடிதத்தை முனாப் கொண்டுவந்து தந்தான். புஸ்பராணியை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் கிணற்றடியில் போய் நின்றேன்.

நேற்றும் இன்றும் பெரிய முகாம் வாசலுக்குப் போனேன். நேற்று, அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். இன்று, இருக்கிறார், பார்க்க ஏலாது என்றார்கள். இல்லை என்பதற்கு இது எவ்வளவோ மேல். சாரமும் சேட்டும் கொடுத்தேன், வாங்கினார்கள். நோன்பு என்று சொன்னேன். தலையாட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

றாத்தா, ஒரு விசயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பட்டியலை முகாமுக்குக் கொண்டுபோனது நான். நானாவின் பேரை வெட்டும்போது முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தவனும் நான்தான். இரத்தினசிங்கம் எழுதினார், நான் காவினேன். எழுதினவருக்கும் தோன்றவில்லை, காவினவனுக்கும் தோன்றவில்லை. எங்களுக்குள் அன்றைக்கு இருந்த ஒரே கதை பாக்கியரத்தினம் யாரை முன்வரிசையில் விடுவான் என்பதுதான்.

மகனுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவனுடைய கடிதத்தால்தான் முப்பத்தொரு கை எழும்பியது என்று தெரிந்தால் அங்கே தனியாக இருந்து என்ன செய்வான்? தயவுசெய்து நீங்களும் எழுத வேண்டாம்.

நான் தினமும் போவேன். வேலைக்குப் போகும் வழிதானே.

சோமசேகரம்


சிவமயம்

திருகோணமலை
11.4.1993

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம் என்று எழுத வேண்டும் என்பது முறை, எழுதிவிட்டேன். வருசப்பிறப்புக்கு அம்மா பலகாரம் சுடுகிறா. நான் ருசி பார்க்கிறேன்.

முதல் ஆட்டம் மூன்றுக்கு ஒன்று, வெற்றி. இரண்டாவது இரண்டுக்குப் பூச்சியம், அதுவும் வெற்றி. இரண்டு விங்கையும் திறந்தாயிற்று. நீ சொன்னபடிதான்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு சின்னத் தாமதம். பந்து கடற்கரைப் பக்கம் முகாம் கம்பி வேலிக்குள் போய்விட்டது. எங்கள் விங்கர் எடுக்கப் போனான். உள்ளே நின்றவர்கள் அவனை முழங்காலில் இருக்கச் சொன்னார்கள், ஒரு முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பான். நாங்கள் எல்லாரும் கச்சான் தின்றுகொண்டு பார்த்திருந்தோம். பிறகு விட்டார்கள். பந்தையும் தந்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் பந்து அந்தப் பக்கம் போனபோதெல்லாம் ஒருவனும் பின்னால் ஓடவில்லை. பாக்கியரத்தினம் கத்திக் கத்திப் பார்த்தான்.

ஸைனுலாப்தீன் நானாவைக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறார். ஆட்டத்துக்கு வரவில்லை. நோன்பு, பெருநாள் என்று வேலை இருந்திருக்கும்.

நான் கொஞ்சம் மெலிந்துவிட்டேன் என்று அம்மா சொல்லுகிறா. காலையில் கூடுதலாக நடக்கிறேன், அதுதான் காரணம். உன் வேலை எப்படி? வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறதா? தொப்பி போடு.

அப்பா


திருகோணமலை
28.4.1993

மதிப்புக்குரிய ஜெமீலா றாத்தாவுக்கு,

சோமசேகரம். உங்கள் சுகத்தை இந்தக் கடிதம் கொஞ்சமாவது கூட்டட்டும்.

இன்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு மாதத்துக்கு மேலாக நின்ற முகம் அலுத்துவிட்டது போல. மேசையில் நானாவின் கொப்பி இருந்தது. ஒரு அதிகாரி, வயது முப்பதுக்குள் இருக்கும். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது, என் தமிழில் எழுதுகிறேன்.

"இது என்ன?"

"பந்து விளையாட்டு, சேர்."

"அம்பு?"

"ஆள் ஓடுற பாதை. பெருக்கல் போட்டிருக்கிறது எங்கட ஆட்கள். வட்டம் மற்றக் கழகம்."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திகதியும் கோல் எண்ணிக்கையும் கேட்டார். றாத்தா, நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் மனப்பாடம் செய்யாதவன். ஆனால் நங்கூரத்தின் ஆட்டங்களைக் கேட்டால் கோல் போட்டவன் எந்தக் காலால் போட்டான் என்றும் சொல்லுவேன். எண்பத்தொன்பதிலிருந்து சொன்னேன். கொப்பியோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. வாழ்க்கையில் நான் சித்தியடைந்த ஒரே சோதினை.

பிறகு கொப்பியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "கடைசி இரண்டு வருசமும் ஒரு பக்கத்தைப் பென்சிலாலை கறுப்படிச்சிருக்கு. ஏன்?"

பார்த்தேன். முதல் பாதி என்று எழுதிய படத்தில் இடது பக்கம் கறுப்பு. இரண்டாம் பாதி என்று எழுதியதில் வலது பக்கம் கறுப்பு. அடுத்த ஆட்டத்திலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படி. இடைவேளைக்குப் பிறகு ஆட்கள் பக்கம் மாறுவார்கள், மைதானம் மாறாது. கறுப்படித்தது எப்போதும் ஒரே இடம்தான். கடற்கரைப் பக்கம். அவர்களுடைய கம்பிப் பக்கம். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது: "இந்தப் பக்கம் பந்து போகக் கூடாது. எடுக்கப் போகிறவனுக்கு நான் பொறுப்பு."

றாத்தா, அந்தக் கம்பியை நான் தினமும் பார்க்கிறேன். தினமும் பார்ப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாங்கள் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மனுசனுக்கு இடது வலது தெரியாது என்று இரண்டு வருடம் சிரித்திருக்கிறோம்.

"ஏன் எண்டு கேட்டனான்" என்றார் அதிகாரி.

பொய் சொல்ல நேரமில்லை. "சேர், எங்களிட்டை இருக்கிறது ஒரு பந்து. அது உங்கட கம்பிக்குள்ளை போனால் எடுக்கப் பயம். அதாலை அந்தப் பக்கம் விளையாட வேண்டாம் எண்டு அந்த மனுசன் வைச்சிருக்கிறார்."

"பயமோ?"

"ஓம் சேர்."

"உனக்கும்?"

"நான் பாக்கிற ஆள், சேர். எனக்குப் பந்தே வராது."

சிரிக்கப் பார்த்தார், சிரிக்கவில்லை. கொப்பியை மூடினார். "இவ்வளவு கவனமான மனேஜரை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"தோத்துப் போனம், சேர்."

கொப்பியைப் பற்றி இனிக் கேள்வி இல்லை என்றார். ஆனால் பாஸ் பொய்யாகத்தான் இருக்கிறது. தாளில் பேர் இல்லாதவரை விட அவருக்கு ஏலாதாம். அவர்தான் மனேஜர் என்று கழகம் கூட்டம் வைத்து, தீர்மானம் எழுதி, கையெழுத்தோடு கொண்டு வந்தால் மேலே அனுப்பலாம் என்றார்.

வெட்டியதைத் திரும்ப எழுத வேண்டும். மே ஒன்பதாம் திகதி கூட்டம் கேட்டிருக்கிறேன். மேலே போய்வர எத்தனை நாள் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

சோமசேகரம்


டோகா
9.5.1993

அப்பாவுக்கு,

நலம்.

இங்கே கிண்ணியா ஆள் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். ஸைனுலாப்தீன் நானா நோன்பு காலத்திலிருந்து முகாமில் இருக்கிறார் என்று சொன்னார். பட்டியலில் கழகம் பேரை வெட்டியதால் பிடித்தார்களாம்.

நீங்கள் ஏப்ரலில் "சுகமாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அதே கடிதத்தில் விங்கர் முழங்காலில் இருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் தரம் வாசித்தபோது இரண்டையும் சும்மா வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இரண்டு கேள்வி. அவர் உயிரோடு இருக்கிறாரா? நான் பெப்ரவரியில் எழுதிய கடிதத்தை நீங்கள் யாருக்கும் காட்டவில்லைத்தானே?

பகிடி விட வேண்டாம் அப்பா. பதில் எழுதுங்கள்.

தவராசா


சிவமயம்

திருகோணமலை
1.6.1993

அன்புள்ள மகன் தவராசாவுக்கு,

முதலில் உன் முதல் கேள்விக்குப் பதில். உயிரோடு இருக்கிறார். வியாழக்கிழமை, இருபத்தேழாம் திகதி விட்டார்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள், கிண்ணியாவில் வீட்டில் இருக்கிறார்.

உனக்குப் பொய் எழுதினேன். மன்னித்துக்கொள். பட்டியலைக் காவியது நான் என்று உனக்கு முன்னமே எழுதியிருந்தேன். அந்தக் கோடு என்ன செய்தது என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் ஒரு பக்கத்தை மூடி வைத்ததும் முகாம் கம்பிக்காகத்தான். அவருடைய கொப்பியில் அதைப் பார்த்த பிறகுதான் இந்த மண்டைக்கு விளங்கியது.

அவரைத் திரும்ப மனேஜராக்கினால்தான் விடுவோம் என்றார்கள். அதற்குக் கூட்டம் வைத்தோம். அரையிறுதிக்கு ஒரு கிழமை இருக்கிறது, மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்ற மனேஜரை மாற்று என்று நான் எழும்பிச் சொல்கிறேன். யோசித்துப் பார்.

"சோமண்ணை, போன கூட்டத்திலை அந்தாளை அனுப்பச் சொன்னதும் உங்கட வாய்தானே? இண்டைக்கு வேறை வாயோ?" என்றான் ஒருவன்.

"அதே வாய்தான். அண்டைக்குப் பிழையாத் திறந்திட்டுது" என்றேன்.

"பேரை மட்டும் எழுதிக் குடுங்கோ, ஆட்டத்தைப் பாக்கியம் நடத்தட்டும்" என்று ஒரு கட்சி. "முகாமுக்குப் பொய் எழுதினால் அடுத்ததாப் பிடிபடுறது நாங்கள்" என்று ஒரு கட்சி. "முதலிலை அரையிறுதி முடியட்டும், பிறகு பாப்பம்" என்று ஒரு பெரிய கட்சி. முனாப் எழும்பினான். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான்: "அரையிறுதி முடியுமட்டும் அந்த மனுசன் எங்கை இருக்கிறார் எண்டு ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?" அப்போதுதான் நான் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பிளேன்ரீயையும் சொன்னேன். அதை விட்டுச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னேன்.

பாக்கியரத்தினம் எழும்பி, "என்ரை பேரை எடுத்துவிடுங்கோ, நான் கோவிக்கமாட்டன்" என்றான். நாற்பது கை. பட்டியலைத் திரும்ப நானே கொண்டுபோனேன். எழுதுகிறவர் பாக்கியரத்தினத்தின் பேரில் சிவப்புப் பேனையை வைக்கப் போனார். கையைப் பிடிக்காத குறை. "வெட்டாதேங்கோ ஐயா, துணை மனேஜர் எண்டு எழுதுங்கோ" என்று கெஞ்சினேன். எழுதினார்.

விட்ட அன்றைக்கு வாசலில் நானும் ஜெமீலா றாத்தாவும் ஸுல்பிகாவும் நின்றோம். வந்தார். மெலிவு. கைகொடுக்கப் போனேன், இடது கையைத் தந்தார். "அரையிறுதி என்ன மாதிரி?" என்று கேட்டார். வென்றுவிட்டோம், இறுதியாட்டம் ஆறாம் திகதி என்றேன். "நல்லது" என்றார். துறைமட்டும் கூடப் போனேன்.

உன் இரண்டாவது கேள்வி. உன் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை, வாசிக்கவும் இல்லை. அம்மாவுக்குக்கூட. அலுமாரிக்குள்தான் இருக்கிறது. அதில் நீ எழுதியது எனக்கும் உனக்கும் இடையில்தான். இதில் உனக்கு ஒரு பங்கும் கிடையாது. முழுவதும் உன் அப்பனின் கெட்டித்தனம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்.

அப்பா


786

கிண்ணியா
14.6.1993

அன்புள்ள தவராசாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நான் வீட்டில் இருக்கிறேன். தூர தேசத்தில் உமது தேக சுகத்துக்கு துஆச் செய்கிறேன். இதைச் சொல்லுவது நான், எழுதுவது என் மகள் ஸுல்பிகா. பேனை பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் செல்லும் என்று டொக்டர் சொல்லுகிறார்.

மாசியில் உமது தகப்பன் உமது கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தபோதே பதில் எழுத நினைத்துக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். கொப்பி திரும்பக் கிடைக்கவில்லை. ஞாபகத்தில் இருப்பதை எழுதுவிக்கிறேன்.

பாதி மைதானத்தில் விளையாடினால் எதிராளிக்குச் சுகம் என்று சொல்லியிருந்தீர். சரி. நான் மறுக்கவில்லை.

உம்மை வலதுக்கும் இடதுக்கும் மாற்றி உமது விளையாட்டைக் கெடுத்தேன் என்று சொல்லியிருந்தீர். அதுவும் சரி. தொண்ணூற்றொன்று ஆனி மாதம், ஒரு ஆட்டத்தில் பந்து கம்பிக்குள் போனது. நீர் எடுக்கப் போய்க் கம்பியில் கால் வைத்தீர். உள்ளே நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான். நீர் பந்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தீர், காணவில்லை. நான் கண்டேன். விசிலை ஊதி உம்மைத் திரும்பக் கூப்பிட்டேன். நடுவர் இருக்க மனேஜர் ஏன் ஊதுகிறார் என்று நீர் கோபித்தீர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை.

காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஊர் முழுக்கப் போகும், முகாமுக்கும் போகும் என்று பயந்தேன். சொல்லாமல் விட்டதால் சனம் தாங்களாக ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டது. அது என் பிழை.

துறை தாண்டி வருவதைப் பற்றி எழுதிய வசனத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீர் நன்றாக எழுதுகிறீர்.

இறுதியாட்டத்தில் நங்கூரம் இரண்டுக்கு ஒன்றால் தோற்றது. கம்பிப் பக்கம் பந்து போகவில்லை என்று பாக்கியரத்தினம் வந்து சொன்னான். தாளில் நான் மனேஜர். துறை தாண்டி இனி வருவதாக இல்லை. உமது தகப்பன் ஒவ்வொரு வெள்ளியும் வருகிறார், ஆட்டத்தைச் சொல்லுகிறார், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுகிறார். அவருக்கு ஒரு ஆறுதல் எழுதும்.

ஸைனுலாப்தீன்


டோகா
8.7.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

தவராசா எழுதுவது. நான் நலம். வெயில் கடுமை, தொப்பி போடுகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது. நாலைந்து தரம் எழுதிக் கிழித்தேன். பெப்ரவரிக் கடிதத்தை ஒருவருக்கும் வாசிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்தபின் எனக்கு மனம் ஆறிவிட்டது. இனி அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். என்னிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஸைனுலாப்தீன் நானாவிடம் வெள்ளிக்கிழமைகளில் போய் வாருங்கள். போகும்போது அவருடைய முகத்தைப் பார்த்துக் கதையுங்கள். நான் கேட்டதாக, கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த முறை ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இனிமேல் நான் எழுதுகிற கடிதங்களை நீங்கள் யாருக்கும் வாசித்துக் காட்டலாம் அப்பா. கூட்டத்திலும் வாசிக்கலாம். அப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் மகன்,
தவராசா